‘அழிந்தது’ என்ற பதிலை அப்படியே நம்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நிரலாக்கம் கற்போருக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிடும் பக்கத்தில், சி மொழியின் ‘ரிமூவ்’ ஃபங்ஷனை அழைத்தால் எந்த இயங்குதளத்திலும் கோப்பு அழிந்துவிடும் என்று ஒரு வரி வந்திருந்தது. ஃபங்ஷனின் பெயர் எங்கும் ஒன்றுதான். 1989-இல் வந்த சி தரநிலையிலேயே அது இருக்கிறது. ஆனால், திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அதே தரநிலை அந்தந்த இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. லினக்ஸில் ஒழுங்காக ஓடிய நிரல் விண்டோஸில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

லினக்ஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. அழிப்பது என்றால் ஃபோல்டரிலிருந்து பெயரை எடுப்பது, அவ்வளவுதான். வேறொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் பெயர் உடனே போய்விடும்; அந்த நிரல் தொடர்ந்து படிக்கும், எழுதும். கடைசியாகப் பிடித்திருப்பவர் மூடிய பிறகுதான் டிஸ்கில் இடம் திரும்பும். சர்வரில் பெரிய லாக் கோப்பை (நிகழ்வுகளைப் பதியும் கோப்பை) அழித்தும் இடம் கூடவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளை குறைந்த அளவைக் காட்டும். டிஸ்கில் மீதமுள்ள இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளையோ டிஸ்க் நிறைந்திருக்கிறது என்றே சொல்லும். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று கொடுத்தால், பெயர் போன பிறகும் கோப்பைப் பிடித்திருக்கும் நிரல் எது என்று தெரிந்துவிடும். அதை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் கிடைக்கும்.

விண்டோஸின் கணக்கு வேறு. கோப்பைத் திறக்கும் நிரல், ‘நான் வைத்திருக்கும்போதே பிறர் அழிக்கலாம்’ என்று திறக்கும் நேரத்திலேயே அனுமதி தர வேண்டும். கோப்பைத் திறக்கும் சி மொழி ஃபங்ஷனான ‘எஃப்ஓப்பன்’ அந்த அனுமதியைத் தருவதில்லை. எனவே அழிக்கப் போனால் ‘வேறொரு நிரல் பயன்படுத்துகிறது’ என்று பிழை எண் 32 வரும். அனுமதி தந்து திறந்திருந்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. அழிப்பு வெற்றி என்று பதில் வரும். பெயரோ ஃபோல்டரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். உடனே அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்கினால் ‘அணுகல் மறுப்பு’ என்று பிழை 5. அந்த ஃபோல்டரை நீக்கப் போனால் ‘காலியாக இல்லை’ என்று பிழை 145. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகள் விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உள்ள டிஸ்கில் பெயரை உடனே எடுத்துவிடுகின்றன. பென்டிரைவிலும் நெட்வொர்க் டிரைவிலும் அதை எதிர்பார்த்து நிரல் எழுதக் கூடாது. முதலில் கோப்புக்கு வேறு யாரும் பயன்படுத்தாத பெயரைச் சூட்டி, பிறகு அழிப்பது பாதுகாப்பான வழி. பழைய பெயர் அப்போதே காலியாகிவிடும்.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸின் சி நூலகம் பிழை 5, பிழை 32 இரண்டையும் ‘அனுமதி இல்லை’ என்ற ஒரே எண் 13-ஆக மாற்றித் தருகிறது. பார்ப்பவர் நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பார்ப்பார். கோப்பு எங்கோ திறந்திருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. அழிப்பு தோற்றதுமே, வேறு எதையும் அழைக்கும் முன், விண்டோஸின் ‘கெட்லாஸ்ட்எரர்’ ஃபங்ஷன் தரும் மூல எண்ணைப் பார்க்க வேண்டும். 32 என்றால் ஆன்டிவைரஸ் ஒரு கணம் திறந்திருக்கலாம்; 100 மில்லிசெகண்ட் விட்டு நாலைந்து முறை முயன்றால் போதும். 5 என்றால் கோப்பின் ‘ரீட்-ஒன்லி’ குறியை முதலில் பாருங்கள்.

அந்தக் குறி விஷயத்திலும் இரு தரப்பும் எதிரெதிர். விண்டோஸில் ரீட்-ஒன்லி கோப்பை வழக்கமான முறையில் அழிக்க முடியாது. லினக்ஸில் கோப்பின் அனுமதி பொருட்டே அல்ல, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால் பொதுவாகப் போதும். நிரல்களின் பதிப்புகளைக் களஞ்சியமாகச் சேமித்து வைக்கும் ‘கிட்’ கருவி தன் உள்கோப்புகளை ரீட்-ஒன்லியாக வைப்பதால், ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழிக்கும் பைத்தானின் ‘ஆர்எம்ட்ரீ’ ஃபங்ஷன் லினக்ஸில் முழுக் களஞ்சியத்தையும் துடைத்துவிடும். விண்டோஸில் பாதியில் நின்றுவிடும். பிழை வரும் இடத்தில் குறியை நீக்கி மறுபடி அழிக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றைக் கூடவே கொடுக்க வேண்டும்.

காலி ஃபோல்டரை ‘ரிமூவ்’ லினக்ஸில் நீக்கும், விண்டோஸில் நீக்காது. கோப்பின் பெயரை நீக்கும் ‘அன்லிங்க்’ ஃபங்ஷனிடம் ஃபோல்டரைக் கொடுத்தால் லினக்ஸ் பிழை 21 என்கிறது, மேக்ஓஎஸ் பிழை 1 என்கிறது. எண்ணை வைத்து முடிவெடுக்கும் நிரல் இங்கே தடம் மாறும். சி++17-இன் ஃபைல்சிஸ்டம் நூலகம் கோப்பு, காலி ஃபோல்டர் இரண்டையும் ஒரே அழைப்பில் கவனித்துக்கொள்கிறது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் அறிய வேண்டியது ஒன்று. ‘கொடி’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. லினக்ஸுக்கும் என்டிஎஃப்எஸ்ஸுக்கும் இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் இன்றைய கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ்ஸுக்கு ஒரே பெயர். ஆப்பிளின் பழைய முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கிலிருந்து வந்த தொகுப்புகளில் பிரிந்த வடிவமே இருக்கும். திரையில் கோப்பு தெரியும். நிரலோ ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பிழை 2 தரும். பெயரை நிரலில் தட்டச்சு செய்து அழிக்காமல், ஃபோல்டர் பட்டியலில் வரும் பெயரை அப்படியே திருப்பிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழிக்கும் ஃபங்ஷனை மாணவர்கள் சொந்தமாக எழுத வேண்டாம் என்றும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். சரிபார்ப்பதற்கும் அழிப்பதற்கும் இடைப்பட்ட நொடியில் யாராவது துணை ஃபோல்டருக்குப் பதிலாக ஒரு சிம்லிங்கை (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பை) வைத்துவிட்டால், வேறெங்கோ உள்ள கோப்புகள் போய்விடும். ரஸ்ட் மொழியின் தரநூலகத்திலேயே இந்தக் குறை இருந்து, 2022 ஜனவரியில் 1.58.1 பதிப்பில் திருத்தப்பட்டது.

அடுத்த வாரப் பக்கத்தில் அந்த வரியைத் திருத்தி, ‘ரிமூவ்’ தரும் மதிப்பு பூஜ்யமா (அதாவது வெற்றியா) என்று சோதிக்கும் எடுத்துக்காட்டு ஒன்றையும், அழிக்கும் முன் கோப்பை மூடும் ‘எஃப்குளோஸ்’ ஃபங்ஷனை அழைக்கும் வரியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்