நிழலுக்குச் செண்பகம் நடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் மரக்கன்று நடும் படங்கள் உங்கள் நாளிதழில் வரிசையாக வரும், அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, 23.7 சதவீதமாக இருக்கும் பசுமைப் பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக்குவது இலக்கு என்றார்கள். நல்ல இலக்கு. ஆனால் பள்ளி வளாகம், பேருந்து நிறுத்தம், தெருவோரம் என்று வரும்போது கைக்குக் கிடைத்த கன்றை நட்டுவிட்டுப் போய்விடுகிறோம். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர் கோடை தொடங்கும்போது, நமக்கு நிழல் தேவைப்படும் நேரம் பார்த்து, இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. பலத்த காற்றுக்கும் தாங்காது, 2016 வர்தா புயலுக்குப் பிறகு சென்னைத் தெருக்கள் கிடந்த கிடப்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் பரிந்து பேசுவது செண்பகத்துக்காக. பூவை எல்லோருக்கும் தெரியும், தலையில் வைத்திருப்பார்கள், சாமிக்குச் சாத்தியிருப்பார்கள், ஆனால் அது எவ்வளவு பெரிய மரம் என்பது பலருக்குத் தெரியவில்லை. மக்னோலியா குடும்பத்தைச் சேர்ந்த இது மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம், காட்டில் 30 மீட்டருக்கும் மேலே போகும். குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவி இருக்கிறது, திருநாகேசுவரம் கோயிலில் தலமரமே செண்பகம்தான். வருடம் முழுக்க இலை இருக்கும், அகலமான பளபளப்பான இலை, அடியில் நின்றால் வெயில் இறங்காது. டெய்ல்டு ஜே வண்ணத்துப்பூச்சி இதன் இலையிலும் முட்டையிடும், காய் வெடித்துச் சிவப்பு விதை வெளியே தெரிந்தால் பறவைகள் தேடி வரும். வாசனைக்குப் பாம்பு வரும் என்று சொல்லி வீட்டுப் பக்கமே விட மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருமே தவிர பூ வாசனைக்கு வராது.

எல்லா ஊருக்கும் இது ஏற்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண், மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளம், இங்கெல்லாம் வேண்டாம், அங்கே புங்கமோ பூவரசோ வையுங்கள். ஆழமான, ஈரம் தங்குகிற, ஆனால் வடியக்கூடிய மண் இருக்கும் இடத்தில், மலையடிவார ஊர்களிலும் ஆற்றங்கரை ஊர்களிலும், தாராளமாக நடலாம். வேர் சதைப்பற்றானது, பிடுங்கி மாற்றி நட்டால் தாங்காது, அதனால் விழாவுக்காக ஆளுயரக் கன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிடச் சின்னக் கன்றாக நிரந்தர இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது. முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீரும் தென்னோலை மறைப்பும் கட்டாயம், அடியில் சருகு மூடாக்குப் போட்டால் இன்னும் நல்லது. பக்கத்து மரத்துக்கு 25, 30 அடியாவது இடைவெளி விடுங்கள். அப்புறம், அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசுவது, மின்கம்பிக்கு நேர் கீழே நட்டுவிட்டு வருடா வருடம் தலையை வெட்டுவது, இந்த இரண்டும் செண்பகத்துக்கு மட்டுமல்ல, எந்த மரத்துக்குமே ஆகாது.

நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது ஒட்டுக்கன்று. இரண்டு மூன்று வருடத்தில் பூத்துவிடும், வீட்டு முற்றத்துக்குச் சரி, ஆனால் பெரிய நிழலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. நிழலுக்கு விதைக்கன்றுதான் வேண்டும், அது பூக்க எட்டு, பத்து வருடம் ஆகும் என்பதால் கேட்பவர்கள் குறைவு, கேட்பவர்கள் குறைவு என்பதால் வளர்ப்பவர்களும் குறைவு. இந்த இடத்தில்தான் வனத்துறை நாற்றங்கால்கள் கைகொடுக்க வேண்டும். செண்பக விதையைச் சேர்த்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்றால் நடக்காது, எண்ணெய் அதிகமுள்ள விதை, காய்ந்தால் முளைக்கும் திறன் சீக்கிரமே போய்விடும். காய் வெடித்ததும் சேகரித்து, மேலே உள்ள சிவப்புச் சதையைக் கழுவி, உடனே நிழலில் விதைக்க வேண்டும். முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், பொறுக்க வேண்டும். இந்த வருடக் காயைத் தவறவிடாமல் மாவட்டத்துக்கு ஒரு நாற்றங்காலிலாவது இந்த வேலையைத் தொடங்கும்படி வனத்துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்