ஞாயிறு காலை நடைபாதை அளக்கிறோம், வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) 2026-உடன் முடிகிறது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தயாரித்து வருகிறது. நம் தெருவுக்கு என்ன வேண்டும் என்று இப்போது எழுதிக் கொடுக்காமல் அப்புறம் புலம்பிப் பயனில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதையும் வந்துவிட்டது. நம் பக்கம் நடைபாதையில் பைக்தான் நிற்கிறது.

வரும் ஞாயிறு (8-ஆம் தேதி) காலை 7 மணிக்குப் பூங்கா வாசலில் கூடி, பேருந்து நிறுத்தம் வரை நடந்து குறைகளைக் குறிப்போம்.

1. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பயன்படுத்துவோர் அவசியம் வரவும். அவர்கள் வேகத்தில்தான் எல்லோரும் நடப்போம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள்.
2. அளவு டேப் இருந்தால் கொண்டு வரவும். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும்.
3. வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் காவலாளிகளிடமும் கேட்டு எழுதுங்கள். நம்மைவிட இங்கே அதிகம் நடப்பது அவர்கள்தான்.
4. படங்களை இடம் குறிப்பிட்டு இந்தக் குழுவில் போடவும். குட் மார்னிங் படங்கள் அன்று வேண்டாமே!

வருபவர்கள் வெள்ளி இரவு 9 மணிக்குள் பெயர், ஃபிளாட் எண்ணுடன் பதில் போடுங்கள். மனுவின் வரைவு ஞாயிறு மாலை இங்கே வரும். திருத்தங்களைத் திங்களுக்குள் சொல்லவும்.

– செயலாளர்