படத்தில் விட்டுப்போன தடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் என் படத்தோடு ஒரு செய்தி வந்தது. கால் முறிந்தும் வைராக்கியத்தால் வெள்ளியங்கிரி மலை ஏறி லட்சக்கணக்கில் நிதி திரட்டிய திருப்பூர் பனியன் தொழிலாளி என்று தலைப்பு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா அதை லேமினேட் போடவே கொடுத்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வந்த நிருபர் தம்பி நல்ல பையன், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டுதான் போனார். ஆனால் அச்சில் விபத்து இருக்கிறது, மலை இருக்கிறது, நடுவில் நான் பட்ட ஒன்றேமுக்கால் வருடத்தைக் காணோம்.

முதலில் ஒரு திருத்தம். லட்சக்கணக்கில் எல்லாம் இல்லைங்க. பிசியோதெரபிக்குப் போய்வர வழியில்லாதவர்களின் ஆட்டோ வாடகைக்காக, வெள்ளியங்கிரியில் இருக்கும் ஏழு மலையில் மலைக்கு நூறு ரூபாய், ஏழும் ஏறிவிட்டால் எழுநூறு என்று கம்பெனியிலும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்தேன். எங்கள் பெரிய மாமா மட்டும் "நாலு மலைக்கு மேல ஏறுனாத்தான் காசு" என்று கறாராகச் சொல்லி, கடைசியில் முந்நூறு ரூபாயோடு நிறுத்திக்கொண்டார். எல்லாம் சேர்ந்து 58,000 ரூபாய்ச் சொச்சம். லட்சம் என்று படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2023 ஆடி மாதம், காலை ஷிப்டுக்கு வண்டியில் போகும்போது ஒரு வேன் இடித்து வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. எலும்புக்குள் ராடு வைத்தார்கள், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் புத்தூர் கட்டு போடச் சொன்னார்கள், மீதிப் பேர் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வாசனையே ஆகாமல் போய்விட்டது. ஆனால் எலும்பு சேர்வது ஒரு கணக்கு, கால் திரும்பக் காலாக ஆவது வேறு கணக்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. படுத்தே கிடந்ததில் தொடைச் சதை சூம்பிப்போய், இடது தொடையோடு ஒப்பிட்டால் வலது பக்கம் சின்னப் பையன் கால் மாதிரி இருந்தது. முட்டி பாதி கூட மடங்கவில்லை.

அப்புறம்தான் பிசியோதெரபி. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அழுத்துவது, காலை நீட்டியபடியே ஒரு சாண் தூக்கிப் பத்து எண்ணுவது, குதிகாலைப் பாயில் தேய்த்து இழுத்து முட்டியை மடக்குவது. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் தங்கை வயசு இருக்கும். "அண்ணா, வலிக்குதுன்னு நிறுத்துனா முட்டி அப்படியே இறுகிடும்" என்று சொல்லிச் சொல்லியே செய்யவைத்தார். வாக்கரிலிருந்து தடிக்கு வந்தபோது, தடியை அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும் என்றார். நான் அதுவரை அடிபட்ட பக்கத்துக் கையிலேயே பிடித்திருந்தேன். படிக்கட்டுக்கு வந்தபோது இன்னொன்று சொன்னார்: ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னாடி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் வெள்ளியங்கிரி ஏறி இறங்கினேன். வைராக்கியம் என்று நீங்கள் போட்டிருப்பது இதைத்தான் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளிடம் போய்ச்சேர வழியும் வேண்டும்.

இங்கேதான் என் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும், செய்தியில் அவர் சுத்தமாக வரவே இல்லை. பெயிண்ட் அடிக்கிறவர். அவருக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் விபத்து, ஒரே மாதிரி முறிவு, ஒரே மாதிரி ராடு. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து அவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எலும்பு சேர்ந்துருச்சுங்க, முட்டிதான் மடங்க மாட்டேங்குது" என்றார். முட்டி மடங்காமல் சாரத்தில் எப்படி ஏறுவார்? பிசியோதெரபிக்கு நான்கே தடவைதான் போயிருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாதே என்றேன். காசு ஆஸ்பத்திரியில் இல்லை, வழியில்தான் என்றார். வீட்டம்மாவுக்கு டவுன் பஸ் இலவசம், சரி, வாக்கரை வைத்துக்கொண்டு இவர் அந்த பஸ்ஸில் எப்படி ஏறுவது? போக வர ஆட்டோ, கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. வாரத்துக்கு மூன்று நாள் வரச்சொன்னால் எந்தக் குடும்பம் தாங்கும்?

எனக்கு மட்டும் எப்படி முடிந்தது என்றால், எனக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும், நேரமும் வழியும் பொருந்தினால், வேலையில் பட்ட அடியாகவே கணக்கில் எடுத்து, சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் தருகிறார்கள். இது எங்கள் கம்பெனியிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது, இதையாவது தயவுசெய்து அச்சிடுங்கள். அவருக்கு அது இல்லை. அவருக்கும் எனக்கும் வித்தியாசம் வைராக்கியத்தில் இல்லைங்க, அதைத்தான் நான் நிருபர் தம்பியிடம் நான்கு முறை சொன்னேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரம் எங்கள் இருவருக்கும் ஒரு பைசா செலவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று எங்கள் கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டும் எக்ஸ்ரே கவரும்தான், அப்படி ஒன்று இருக்கிறது, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் முட்டி இன்றைக்கு மடங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அதை ஒரு வரியாக அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

மலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், செய்தியைப் படித்துவிட்டு ராடு வைத்த இரண்டு பேர் போன் செய்து நாங்களும் ஏறலாமா என்று கேட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து எலும்பு முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று சொன்ன பிறகு, அதற்கு மேலும் ஐந்து மாதம் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிவிட்டுத்தான் நான் பங்குனியில் போனேன். ஒவ்வொரு சீசனிலும் அந்த மலையில் யாராவது மூச்சுத்திணறியோ நெஞ்சு வலித்தோ இறந்துபோன செய்தி உங்கள் பேப்பரிலேயே வருகிறது, அதனால் விளையாட்டாக யாரும் கிளம்பவேண்டாம். பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, மச்சான்கள் இரண்டு பேரோடு ராத்திரி எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். மற்றவர்கள் நாலைந்து மணி நேரத்தில் போவதை நான் பத்தரை மணி நேரம் போனேன். முதல் மலைப் படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, பிசியோ ரூமில் பழகிய பெட்டிப் படி மாதிரி ஒரே அளவில் எதுவும் கிடையாது. மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனையில் உட்கார்ந்தபோது இதோடு முந்நூறு ரூபாய் தேறிவிட்டது, போதும், இறங்கிவிடலாம் என்று நினைத்தது உண்மை. மச்சான்தான் கண்டுகொள்ளாதது போல நடந்துகொண்டே இருந்தார்.

ஏழாவது மலையில் குளிர் காற்றில் நின்று ஆண்டவரைக் கும்பிட்டபோது அழுதுவிட்டேன், அதைச் செய்தியில் போட்டீர்கள், சரி. இறங்கியதைப் போடவில்லை. கஷ்டம் முழுக்க இறக்கத்தில்தான். ஒவ்வொரு படிக்கும் உடம்பு எடையை அந்தத் தொடைச் சதை பிடித்து நிறுத்தவேண்டும், ஐந்தாறு இடத்தில் உட்கார்ந்து தவழ்ந்துகூட இறங்கினேன். அடிவாரம் வர ராத்திரி ஆகிவிட்டது. அடுத்த நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை, பிசியோ மேடம் போனிலேயே திட்டினார்.

வசூலான பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் பேசி, இப்போது நான்கு பேரை வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் வருகிறார், வாடகையை வாரக் கடைசியில் நான் தருகிறேன். அதில் ஒருவர் அந்தப் பெயிண்டர். இத்தனை நாள் கழித்து முழுதாக மடங்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் போன மாதத்துக்கு இப்போது கொஞ்சம் மடங்குகிறது. பணம் ஆவணி வரைக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். நீங்கள் போட்ட படத்தில் நான் இடுப்புக்கு மேலே மட்டும் கைகூப்பி நிற்கிறேன். நிருபர் தம்பிக்கு நான் அனுப்பிய படத்தில் முட்டிப் பட்டையும், சாய்த்துவைத்த மூங்கில் தடியும், பின்னால் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கும் மச்சான் கையும் இருந்தது. முழுப் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். திருத்தம் போடும்போது இதைப் போடுங்கள். இடம் போதாது என்றால் என் முகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், தடியை வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
(பெயர் வேண்டாம், போன வாரம் வந்ததே போதும்)
வாசகர், திருப்பூர்