'இயல்பான மழை' என்று எழுதுமுன்: மழைக் கணக்கு வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இராமநாதபுரத்துச் சீமையில் கண்மாயையும் வானத்தையும் நம்பிப் புழுதி விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. போன பருவத்தில் கருகிய பயிருக்கு நிவாரணம் கேட்டு மனுவோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பகுதிக்கு நேராக 'இயல்பு' என்று இருந்தது. "மழை பெய்திருக்கே, பிறகெப்படி வறட்சி?" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது நீங்கள் கொடுத்த தாள்.

'இயல்பு' எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நீண்டகாலச் சராசரியைவிட 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அது இயல்புதான். வடகிழக்குப் பருவத்துக்குத் தமிழகத்தின் சராசரி ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அப்படியானால் 360 பெய்தாலும் இயல்பு, 520 பெய்தாலும் இயல்பு. அந்த மழை எந்த வாரத்தில் விழுந்தது என்று கேட்க அந்தச் சொல்லில் இடமே இல்லை.

எங்கள் வயலில் நடந்தது இதுதான். புரட்டாசிக் கடைசியில் ஓர் உழவு மழை. புழுதியில் கிடந்த விதை ஒன்றுபோல முளைத்தது. அதன்பிறகு 27 நாள் ஒரு தூறல் இல்லை. ஐப்பசியில் அடைமழை என்பார்கள்; எங்களுக்கு ஐப்பசி முழுக்க வெட்டவெயில். இருபதாம் நாள் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை ஊசிபோலச் சுருண்டிருந்தது, வேர்நுனி பழுப்பு நிறத்தில் கையோடு ஒடிந்து வந்தது. கடன் வாங்கி இரண்டு டேங்கர் தண்ணீர் விட்டு ஒரு மூலையை மட்டும் காப்பாற்றினோம். கார்த்திகைக் கடைசியில் இரண்டே நாளில் கொட்டிய மழையில் அந்த மூலையும் மூழ்கி அழுகியது. மூன்று மாத மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு நாளில் பெய்ததுதான். பயிரைக் காய வைத்த நாட்களையும் அழுக வைத்த நாட்களையும் ஒன்றாகக் கூட்டி அதற்குத்தான் 'இயல்பு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அன்று எங்களை யாரும் நம்ப மறுக்கவில்லை, தாளும் வயலும் ஒன்றையே சொல்லின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மூன்று மாதத்துக்கான மாநிலச் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல் ஒரே நாளில்! இப்படி ஒரு நாளைச் சராசரிக்குள் போட்டுக் கலக்கிய பிறகு, அந்தச் சராசரி விவசாயிக்கு என்ன சொல்லும்? மழையே வராத ஆண்டு உங்கள் கணக்கில் தெரிகிறது. தவறிய நேரத்தில் வந்த ஆண்டு தெரிவதில்லை.

வெப்பநிலையும் இப்படித்தான். ஐப்பசியில் மேகம் இல்லாமல் காய்ந்த நாட்களில் மண்ணின் ஈரம் இரட்டை வேகத்தில் போனது. அடுத்து வந்த மூட்டமான நாட்கள் மாதச் சராசரியை இறக்கிவிட்டன. போதாததற்கு உங்கள் மாதம் ஒன்றாம் தேதி பிறக்கிறது, எங்கள் ஐப்பசியோ அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. ஒரே தொடர் வறட்சி உங்கள் அட்டவணையில் இரண்டு மாதமாக உடைந்து, இரண்டிலும் சின்னதாகத் தெரிகிறது.

நாள்கணக்கு உங்களிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் காலை 8.30 மணிக்கு அளக்கிறீர்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் மழைநாள் என்று பிரித்தும் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வாழ்வைத் தீர்மானிக்கிற மேசைக்கு மட்டும் கூட்டுத்தொகை ஒன்றே வந்து சேர்கிறது. வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதும், மடை உடைந்து ஐந்து வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பதும், கருவேலம் கண்மாயை விழுங்கிவிட்டதும் உங்கள் பொறுப்பு அல்ல. அதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வந்த கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பெய்த மழையோடு பெய்யாத நாட்களையும் எழுதுங்கள்.

பருவ முடிவில் ஒவ்வொரு பிர்க்காவுக்கும் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரவாரியாக எவ்வளவு பெய்தது, மொத்தம் எத்தனை மழைநாள், தொடர்ந்து மழையில்லாமல் போன நாட்கள் அதிகபட்சம் எத்தனை, அந்த நாட்களில் வெயில் எத்தனை டிகிரி என்று 'இயல்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே தாளில், தமிழில் அச்சிட வேண்டும். நிவாரணம் முடிவு செய்கிற அலுவலகங்களுக்கும் அந்தத் தாளையே அனுப்ப வேண்டும். வருகிற புரட்டாசிக்குள் இதற்கு ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் மாதக் காலண்டரில் மழை பெய்த நாளுக்குக் கோடும் பெய்யாத நாளுக்குச் சுழியும் போட்டு வைப்பார். போன ஐப்பசியில் வரிசை வரிசையாகச் சுழிதான். அந்தத் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் நாள்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி