பட்டது போதாதா என்று கேட்டாயே

அன்பின் நண்பனுக்கு,

மூன்று மாதங்களாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் சுகம். குளத்துத் தண்ணீர் கிடைத்ததால் சிறுபோக நெல் தப்பியது; குஞ்சியம்மா வழமைபோல உன் கல்யாணப் பேச்சை விடுவதாக இல்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் முடிந்ததும், அங்கிருந்து தெற்கே கதிர்காம முருகனிடம் பாதயாத்திரையாக நடக்கப்போகிறேன் என்றபோது, "பட்டது போதாதா?" என்று நீ தொலைபேசியில் சினந்தாய். அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டு நடந்தேன்.

2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது என்னிடம் அரைப் போத்தல் தண்ணீர் இருந்தது. பாலத்தடியில் ஒரு முதியவர் கை நீட்டினார். என் மகளின் உதடு தாகத்தில் வெடித்திருந்தது. நான் பாராததுபோல் நடந்துவிட்டேன். இதை உனக்குக்கூட இதுவரை நான் சொன்னதில்லை.

உகந்தை முருகனை வணங்கிக் காட்டுக்குள் இறங்கினால் தண்ணீரை நாமேதான் சுமக்கவேண்டும். கூமுனை தாண்டி, யால வெயிலில் மணல் பாதத்தைச் சுட்ட ஒரு நடுப்பகலில், மட்டக்களப்புப் பக்கத்து அம்மா ஒருவர் மரநிழலில் குந்திவிட்டார். என் போத்தலைக் கொடுத்தேன். அவர் இரண்டு மிடறு மட்டும் குடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, "சாமிக்கும் வேணுமே" என்று என்னைப் பார்த்துச் சொல்லித் திருப்பித் தந்தார். எனக்குக் கால்கள் நடுங்கின. அந்த நிழலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

துன்பம் மனிதரைப் புடம்போடும் என்று, போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் எங்களுக்கு உபதேசம் செய்தவர்களை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். திணிக்கப்பட்ட துன்பம் எனக்குள் இருந்த ஈரத்தைத்தான் பறித்தது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பேருந்து கண்முன்னே நின்றது. ஏறினால் மறுநாள் வீடு. ஏறாமல், கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு விடியலில் மறுபடியும் எழுந்தபோதெல்லாம், என் கால்கள் என் சொல்லைக் கேட்டே நடக்கின்றன என்ற எண்ணம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் அறியாத ஒரு நிம்மதியைத் தந்தது. வேண்டுமென்றே பசித்தும் தாகித்தும் இருந்ததனால்தான் அந்த அம்மாவுக்குக் கொடுத்த தண்ணீர் கொடையாக இருந்தது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கை ஆற்றில் முழுகியபோது அந்தப் பாலத்தடி முதியவருக்காகவும் ஒரு முழுக்குப் போட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

அடுத்த வைகாசியில் மகளும் வருகிறாளாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உகந்தையிலிருந்தாவது எங்களோடு நடப்பாயா என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்,
முள்ளியவளை