பசை தடவினால் கசிவு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளியான மழைக்கால வாகனப் பராமரிப்புக் குறிப்புகளில், மோட்டார் சைக்கிள் இன்ஜின் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்தால் வெளிப்புறம் சிலிகான் பசை தடவிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன். சாத்தூரில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். பசை பூசிய இன்ஜின்களைப் பிரித்துப் பார்க்கிறவன் என்பதால், அந்த ஆலோசனை தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆயில் ஊறிய அலுமினியத்தின் மேல் பசை பிடிக்காது. சில நாளில் தோலாக உரிந்துவிடும். அதைவிடக் கெடுதல், கவரைக் கழற்றிவிட்டு, கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கிற காகிதத் தகடான பேக்கிங் போட வேண்டிய இடத்தில் பசையைத் தாராளமாகப் பிதுக்குவது. கவரை முடுக்கும்போது வெளியே வழிவதைத் துடைத்துவிடலாம். உள்ளே வழிவது நூல்நூலாகத் தொங்கும், ஒருநாள் அறுந்து ஆயில் சல்லடையில் போய் அடையும். சில வண்டிகளில் கிளட்ச் கவருக்குள்ளேயே ஆயில் பாதை உண்டு. பேக்கிங்கில் அதற்கென்றே துளை வெட்டியிருப்பார்கள். அந்தத் துளை அடைபட்டால் பேரிங்குக்கு ஆயில் போகாது. 100 சிசி வண்டிக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பேக்கிங்கை மிச்சம் பிடித்து, இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்கையே மாற்றும் செலவை இழுத்துக்கொள்ள வேண்டுமா?

கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கை வைக்கவே கூடாது. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். நனைந்த இடம் ஒன்று, கசிந்த இடம் வேறு. மண்ணெண்ணெயில் இன்ஜினைக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முகப் பவுடரைத் தூவி, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவந்து பார்த்தால் ஆயில் புறப்பட்ட இடம் கோடு போட்டுக் காட்டிவிடும். கவர் பேக்கிங் என்று நினைத்தது பல நேரம் கியர் ஷாஃப்டையோ கிக்கர் தண்டையோ சுற்றியிருக்கும் ரப்பர் சீலாக இருக்கும்.

எங்கள் பகுதி கரிசல் பூமி. வயல் பாதையில் பால் கேன் கட்டி ஓட்டுகிறவர்களின் வண்டிகளில் இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயின் வாயைச் சேறு அடைத்துவிடுகிறது. பிஸ்டனைத் தாண்டிவரும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் மீறி ஆயிலைத் தள்ளும். அந்த வண்டிக்கு வேண்டியது குழாயைச் சுத்தம் செய்வது மட்டுமே. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே தொல்லைதான்.

பேக்கிங்தான் போயிருக்கிறது என்றால் புதிதாக மாற்ற வேண்டும். பழைய காகிதத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டுகிறார்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஆயிலுக்கு அது வாய்க்கால். தின்னரில் ஊறவைத்து, பிளேடைப் படுக்கவைத்து மெல்ல எடுக்க வேண்டும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நான் ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பேன். குட்டைத் துளையில் நீள போல்ட் போனால் அது அடியில் முட்டி நின்றுவிடும். முடுக்கியது போலத் தோன்றும், கவர் பிடித்திருக்காது. கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் டோவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து, எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு மூன்று தடவையில் சமமாக முடுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டில் கிளட்சையும் அதன் செயினையும் மூடும் பிரைமரி கவரை நடுவில் ஒரே நட்டுதான் பிடிக்கும். ஒழுகுகிறதே என்று அதை இறுக்க இறுக்க கவர் வளைந்து இன்னும் ஒழுகும். ரப்பர் சீலை மாற்றி, அளவோடு முடுக்கியவர்களின் வண்டி காய்ந்து நிற்கிறது.

பசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் திரவ பேக்கிங் போடும்படி சில நிறுவனங்களே கையேட்டில் சொல்கின்றன. அதுவும் மெல்லிய பூச்சாக, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத பரப்பில், இறுகுவதற்கு நேரம் கொடுத்து.

நம் ஊர் வண்டிகளில் கிளட்ச் கவர் பெரும்பாலும் வலப்பக்கம், பிரேக் மிதிக்கு அருகில் இருக்கிறது. அங்கே கசியும் ஆயில் மிதியிலும் செருப்பிலும் படும். காற்றில் பறந்து பின் டயரிலும் படும். பசையை நம்பி ஓட்டுகிறவர் மழை நனைத்த சாலையில் பிரேக்கை மிதிக்கும்போது கால் வழுக்கினால் என்ன ஆகும்? ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேக்கிங் மாற்றியபின் பழையதை வாங்கிப் பார்க்கும்படியும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
சாத்தூர்.