யெசாவேஜ் விதிவிலக்கு, லூக்ஸ்தான் வழக்கம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் பிட்சர் (பந்தை எறிபவர்) ட்ரே யெசாவேஜ் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2024 ஜூலையில் 20ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். 2025 ஏப்ரலில் டனீடினில், மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்துக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் கீழ்ப்படி ஒன்றில் எறியத் தொடங்கினார். வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒரே பருவத்தில் அடுத்தடுத்த படிகளையும் ஏறி, செப்டம்பர் 15ஆம் திகதி மேஜர் லீக்கில் கால் வைத்தார். அக்டோபர் 29ஆம் திகதி மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு, டிராஃப்டில் பெயர் வந்தால் அடுத்த வருடமே பெரிய அணி என்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேஸ்போல் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கணக்குப் போட்டால், அது பிள்ளையின் ஏழெட்டு வருடங்களை விழுங்கக்கூடிய கணக்கு.

அதே உலகத் தொடரில் அதே அணிக்காக ஆடிய நேதன் லூக்ஸைப் பாருங்கள். 2015இல் ஏழாவது சுற்றில் க்ளீவ்லேண்ட் அணி அவரை எடுத்தது. மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 2023இல், தன் 28ஆவது வயதில், மூன்றாவது அணியான ரொறன்ரோவுக்காக. இடைப்பட்ட எட்டு வருடங்களும் மைனர் லீக். இதுதான் வழக்கமான பாதை. இன்னும் சரியாகச் சொன்னால், வழக்கமான பாதையில் நல்லபடியாக முடிந்த ஒன்று.

டிராஃப்டை ஐபிஎல் ஏலம் போல நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஏலத்தில் எடுபட்டவர் அந்தப் பருவமே அணியின் உடையைப் போடுகிறார். பேஸ்போல் டிராஃப்டில் அணிக்குக் கிடைப்பது, அந்த வீரருடன் பேரம் பேசும் தனி உரிமை மட்டுமே. பேரம் படியாவிட்டால் எதுவும் இல்லை. தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான குமார் ரொக்கர் 2021இல் 10ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் நியூயோர்க் மெட்ஸ் அவருக்கு ஒப்பந்தமே கொடுக்கவில்லை. மறுவருடம் டெக்சாஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023இல் முழங்கை அறுவைச் சிகிச்சை. அறிமுகம் 2024 செப்டம்பரில்.

டிராஃப்ட் அமெரிக்கா, கனடா, புவெர்ட்டோ ரிக்கோ வாசிகளுக்கு மட்டும். மற்ற நாட்டுப் பிள்ளைகள் 16 வயதிலிருந்து நேரடியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். மொன்றியலில் பிறந்த புளூ ஜேஸ் வீரர் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் டிராஃப்டுக்குள் வராமல், டொமினிக்கன் குடியரசிலிருந்து 2015இல் கையெழுத்திட்டது அப்படித்தான். ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. உயர்நிலைப் பள்ளி முடித்ததும் டிராஃப்டுக்குத் தகுதி வரும். நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் முடியவேண்டும், அல்லது 21 வயது ஆகவேண்டும். இரண்டு வருட ஜூனியர் கொலிஜில் சேர்ந்தவர் ஒவ்வொரு வருடமும் தகுதி பெறுவார். இந்த மூன்றில் எதைத் தேர்கிறோம் என்பதே பேரத்தில் பாதி.

மீதிப் பாதி பணம். முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அணியின் விலைகளைக் கூட்டினால் வருவது அந்த அணியின் போனஸ் பை, அதாவது கையெழுத்துப் பணத்துக்கான வரம்பு. பைக்கு மேல் 5 வீதம் வரை செலவழித்தால் மீறிய தொகைக்கு 75 வீத வரி. அதற்கும் மேலே போனால் அடுத்த வருட முதல் சுற்று உரிமை பறிபோகும். ஆகவே அணிகள் பைக்குள்ளேயே காசை இடம் மாற்றுகின்றன. எட்டு, ஒன்பது, பத்தாவது சுற்றுகளில் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவரை எடுப்பது இதற்காகத்தான். அவருக்குத் திரும்பிப் போய் ஆட இடமில்லை, பேரம் பேசும் பலமும் இல்லை. 2 லட்சம் அமெரிக்க டொலர் விலை குறித்த எண்ணில் அவர் 10 ஆயிரத்துக்குக் கையெழுத்திட்டால், மிஞ்சும் 1 லட்சத்து 90 ஆயிரம், பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பள்ளி மாணவரை மடக்க உதவும். பதினோராம் சுற்றிலிருந்து ஒருவருக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் டொலர் வரை கொடுப்பது பையில் சேராது. அதைத் தாண்டும் தொகை மட்டுமே சேரும். எனவே 'பத்தாம் சுற்று', 'பதினான்காம் சுற்று' என்ற எண்ணை வைத்து எந்தப் பிள்ளையை அணி அதிகம் விரும்பியது என்று சொல்லவே முடியாது. போனஸ் தொகைதான் சொல்லும். பெரிய தொகை வாங்கியவர் இரண்டு வருடம் சொதப்பினாலும் மூன்றாவது வருடம் ஆடுவார். 10 ஆயிரம் வாங்கியவருக்கு ஒரு கோடைகாலம்தான் தவணை. இதை அநியாயம் என்று சொல்லலாம். ஆனால் தெரிந்துகொண்டு கையெழுத்திடவேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஒப்பந்தத்தில் போனஸுக்கு அடுத்து முக்கியமான வரி, பலர் வாசிக்காத வரி, கல்லூரிப் படிப்புச் செலவு. அணி எத்தனை பருவங்களுக்கு, எவ்வளவு டொலர் தரும் என்பது கையெழுத்துக்கு முன் பேசப்பட்டு எழுத்தில் வரவேண்டும். ஆட்டத்தை விட்டபின் இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். 23 வயதில் அணியால் விடுவிக்கப்பட்டு, வேறெங்காவது இடம் கிடைக்குமா என்று மூன்று வருடம் அலைந்து, பிறகு அந்தக் காகிதத்தைத் தேடுகிறவருக்கு அது செல்லாது.

கையெழுத்தானபின் முதல் அதிர்ச்சி மட்டையில் வரும். அமெரிக்கப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் உலோக மட்டை, தொழில்முறையில் மரம். உலோக மட்டையில் கைப்பிடிக்குக் கிட்ட பட்ட பந்துகூட உள் ஆடுகளமான இன்ஃபீல்டைத் தாண்டிப்போய்ப் புல்லில் விழுந்து, அடித்தவர் பேஸை எட்டும் ஹிட் ஆகிவிடும். மரத்தில் அதே பந்து, மட்டை பிளந்து அதன் துண்டு ஒரு பக்கம் பறக்க, பிட்சரின் காலடிக்கு உருண்டு போகும். மட்டையின் நல்ல அடி விழும் இடம் சில அங்குலம்தான். உள்ளே வரும் 95 மைல் வேகப் பந்தை அங்கே சந்திக்க, அசைவை முன்கூட்டியே தொடங்கவேண்டும். முன்கூட்டித் தொடங்கினால் வெளியே வளைந்து விழும் ஸ்லைடரில் ஏமாந்து போகிறார்கள். பள்ளியில் ஆயிரத்துக்கு 450 ஹிட் என்ற .450 சராசரியில் அடித்த பிள்ளை மைனர் லீக்கின் ஏ-மட்டத்தில் .210 அடிப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம். தன்னம்பிக்கைக் குறைவு என்று வீட்டிலிருந்து புத்திமதி சொல்வதால் ஆவது ஒன்றுமில்லை.

படிகள் எவை? முதலில் அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ அணியின் பயிற்சி வளாகத்தில் நடக்கும் கொம்ப்ளெக்ஸ் லீக். பிறகு கீழ் ஏ, உயர் ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ. புளூ ஜேஸுக்கு இவை முறையே டனீடின், வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ. கீழ் ஏ-யில் வேகம் இருக்கும், குறி இருக்காது. பொறுமையாக நின்றாலே, நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் தரும் வோக் கிடைக்கும். வடிகட்டி டபிள் ஏ-யில் இருக்கிறது. கீழே 2-0, 3-1 என்று (முதல் எண் தவறான பந்து, இரண்டாவது ஸ்ட்ரைக்) பிட்சர் பின்தங்கினால் நேர்வேகப் பந்துதான் வரும், அதற்காகவே காத்திருந்து அடிக்கலாம். டபிள் ஏ-யில் அதே 3-1இல் வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப் வரும். அதைப் படிக்கத் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். திறமை மிகுந்தவர்களை அணிகள் டபிள் ஏ-யிலிருந்து நேரே மேஜர் லீக்குக்குத் தூக்குவதும் உண்டு. டிரிபிள் ஏ ஒரு வகையில் பெரிய அணியின் களஞ்சிய அறை. மேலே ஒருவர் காயப்பட்டால் உடனே அனுப்பத் தயாராக 30 வயதுக்காரர்கள் பலர் அங்கே இருப்பார்கள். அங்குள்ள புள்ளிவிபரங்களை ஊர் பார்த்து வாசிக்கவேண்டும். ஆல்பகர்க்கி மைதானம் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிது, பந்து பறக்கும், பிட்சரின் எண்கள் கெட்டுப்போகும். பஃபலோவில் அந்தச் சாக்கு இல்லை.

ஆடும் இடமும் மாறும். எட்டோபிக்கோவில் வளர்ந்த ஜோயி வோட்டோவை 2002இல் இரண்டாம் சுற்றில் சின்சினாட்டி எடுத்தபோது அவர் கேட்ச்சர், பிட்சரின் பந்தைப் பிடிப்பவர். மேஜர் லீக்குக்கு 2007இல் வந்தபோது முதல் பேஸ் வீரர். 2010இல் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கிடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக எடுக்கப்படுகிறவர்களில் பலர் ஷார்ட்ஸ்டாப்பாக முடிவதில்லை. இடம் மாற்றச் சொன்னால் தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சம்பளம்: 2023 ஒப்பந்தப்படி அந்த வருடத்துக்குக் குறைந்தது கொம்ப்ளெக்ஸில் 19,800 டொலர், கீழ் ஏ-யில் 26,200, உயர் ஏ-யில் 27,300, டபிள் ஏ-யில் 30,250, டிரிபிள் ஏ-யில் 35,800. அதே வருடம் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7 லட்சத்து 20 ஆயிரம். முன்பு இதைவிட மோசம். 2022இல் மைனர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகு கிடைத்தது இது.

இனி, பெற்றோர் யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: எத்தனை வருடம்? இங்கே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. முதலாவது ரூல் 5 என்ற விதி. 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவரை ஐந்தாவது பருவத்துக்குள், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்காவது பருவத்துக்குள், அணி மேஜர் லீக்குக்குரிய தன் 40 பேர் பட்டியலில் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறோர் அணி 1 லட்சம் டொலர் கட்டி அவரைத் தூக்கலாம். தூக்கிய அணி அடுத்த பருவம் முழுதும் அவரை மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரில் வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வரவேண்டும். காயத்தால் ஆடாத வருடத்துக்கும் இந்தக் கடிகாரம் நிற்காது. பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தால் டொமி ஜோன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பிவர 12 முதல் 18 மாதம். நான்கு வருடத்தில் ஒன்றரை போய்விட்டது.

இரண்டாவது ஆப்ஷன். 40 பேரில் இருப்பவரை மைனர் லீக்குக்கு அனுப்ப அணிக்கு வழக்கமாக மூன்று பருவங்கள் உண்டு. ஒரு பருவத்தில் மொத்தம் 20 நாளுக்குக் குறைவாகக் கீழே இருந்தால் அது கணக்கில் வராது. 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பமுடியாது. அந்த மூன்றும் தீர்ந்தபின் கீழே அனுப்பவேண்டுமானால் மற்ற 29 அணிகளும் வேண்டாம் என்று சொல்லவேண்டும். 'இவருக்கு ஆப்ஷன் தீர்ந்துவிட்டது' என்ற ஒரு வரி, வசந்தகாலப் பயிற்சியில் யார் அணியில் நிற்பார் என்பதை அடிக்கும் திறனைவிட அதிகம் தீர்மானிக்கும்.

மூன்றாவது, சேவைக் காலம். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம். ஆறு வருடம் சேர்ந்தால், எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்யக்கூடிய சுதந்திர வீரர். சிகாகோ கப்ஸின் கிறிஸ் பிரையன்ட் 2015 ஏப்ரல் 17ஆம் திகதி அழைக்கப்பட்டார். பருவ முடிவில் 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு அவர் இன்னொரு வருடம் கிடைத்தார். அவர் முறையிட்டார், 2020இல் தோற்றார். அதன்பின் புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுவோருக்கு முழு வருடம் தருவதாக விதி மாறியது. மற்றவர்களுக்கு நாள் கணக்குத்தான்.

இவ்வளவு பேருக்கும் இடம் எங்கே? வருடத்துக்கு 20 சுற்றுகளில் 600க்கும் மேற்பட்டோர் எடுக்கப்படுகிறார்கள். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் தனி. 30 அணிகளின் 26 பேரைக் கூட்டினால் மொத்தம் 780 இடம், அவற்றில் காலியாவது கொஞ்சம். 2024இல் ஓர் அணி அமெரிக்க மைனர் லீக்கில் வைத்திருக்கக்கூடிய வீரர் எண்ணிக்கை 180இலிருந்து 165ஆகக் குறைந்தது. அந்த 15 பேரும் பெரும்பாலும் சிறிய போனஸ்காரர்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலையில் டிராஃப்ட் பட்டியலில் கனடியப் பிள்ளைகளின் பெயர்களை நீங்கள் வெளியிடும்போது, சுற்று எண்ணோடு போனஸ் தொகையையும், பள்ளியிலிருந்தா பல்கலைக்கழகத்திலிருந்தா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கடுத்த ஜூலையில் அதே பெயர்களை மீண்டும் எடுத்து, யார் எந்தப் படியில் நிற்கிறார், யார் வீடு திரும்பிவிட்டார் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். யெசாவேஜின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கும் 16 வயதுப் பிள்ளையின் வீட்டில் அந்த அரைப் பக்கத்தையும் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
பேஸ்போல் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ